அண்ணன் இல்லாத கல்லூரி

“டனீடின் வேண்டாம்,” என்றாள் கலோ. “அங்கே ஒருத்தன் இருக்கான்.”

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து, மரியாதைக்காக உடைக்கு மேல் இடுப்பில் கட்டிய பாயைக்கூட அவிழ்க்கவில்லை. அதற்குள் கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தாரோ என்கிற சேப்பங்கிழங்கின் இலையில் பொதிந்து அவித்த ஆட்டுக்கறி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் பிரிக்கவில்லை. அக்கா கை வைக்காமல் தம்பி வீட்டில் எவன் கை வைப்பான்?

“யாருக்கா அது?” என்று கேட்டார் அவளுடைய தம்பி சிதிவேனி.

“நம்ம பாட்டியோட தங்கச்சி பேரன்டா. பேரு வாயில வர மாட்டேங்குது. நெட்டையா இருப்பான்.”

“அவனா!” என்று சிதிவேனி தலையாட்டினார். யாரென்று அவருக்கும் தெரியவில்லை.

சுவரோரம் அவருடைய மகள் லுசியானே கையில் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு ஊர்க் கல்லூரிகள் அவளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கொடுத்திருந்தன. எது வேண்டும் என்று புதன்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவில் நாலு கல்லூரி கூப்பிட்ட பிள்ளை அதுவரை கிடையாது. சமையலறை வாசலில் நின்றிருந்த அவள் அம்மா விக்காவுக்கு, பெருமையில் நெஞ்சு நிறைய வேண்டிய நேரம். ஆனால் அவள் கலோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். நர்ஸ் படிப்பு என்றால் மனுஷ உடம்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை படிக்க வேண்டும். நடுவில் எதையும் தாண்டிக்கொண்டு போக முடியாது. அதே வகுப்பில் அண்ணன் முறையில் ஒருவன் உட்கார்ந்திருந்தால், தங்கச்சி அந்தப் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்பதா? தொங்கா தீவுகளிலிருந்து நியூசிலாந்துக்கு வந்த எங்கள் ஜனங்களின் வீட்டில் நடக்கிற காரியமா அது? டி.வி.யில் கதாநாயகன் கதாநாயகி பக்கம் ஒரு எட்டு வைத்தாலே எங்கள் வீடுகளில் பாதிப் பேர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். நாங்கள் இருக்கிற மாங்கெரே தெருக்களில் சாயங்கால வேளையில் இளவட்டப் பையன்கள் காரணமில்லாமல் வாசலில் நிற்பதைப் பார்த்துப் போலீஸ்காரர்கள் சந்தேகப்படுவதுண்டு. பாவம், உள்ளே முத்தம் முடியட்டும் என்று நிற்கிறவர்கள் அவர்கள்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவன் மட்டும்தான் என்றிருந்தால் தொல்லையில்லை. லுசியானே ஒற்றைப் பிள்ளை. ஆனால் பெரியப்பா மகன், சித்தி மகன், அத்தை மகன், மாமா மகன், பாட்டியின் தங்கை பேரன், எல்லாரும் எங்களுக்கு அண்ணன் தம்பிதான். முறைப்பையன் என்கிற சௌகரியமே கிடையாது. நியூசிலாந்தில் கல்லைத் தூக்கிப் போட்டால் ஓர் அண்ணன் தலையில் விழும்.

“அப்போ ஹாமில்டன்?” என்று கேட்டாள் லுசியானே.

கலோ ஃபோனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். நலம் விசாரித்தாள், அந்த வீட்டு நாயை விசாரித்தாள், அப்புறம் வைத்தாள். “அங்கேயும் ஒருத்தன் இருக்கான். விவசாயம் படிக்கிறானாம்.”

“விவசாயம்தானே அத்தை? அவரு மாட்டைப் பத்திப் படிப்பாரு.”

“மாட்டுக்கு மட்டும் உடம்பு இல்லையா?”

“வெலிங்டன்ல இருக்கிற அண்ணன் வக்கீலுக்குப் படிக்கிறாரு. அவருக்கு உடம்பே வராது.”

“கேன்டீன் ஒண்ணுதானே? நீ சோத்தை முழுங்கிக்கிட்டே பக்கத்துல இருக்கிற பொண்ணுகிட்ட கர்ப்பப்பையைப் பத்திப் பேசுவ. அவன் பின்னாடி டம்ளரோட நிப்பான். அவன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வச்சுக்குவான்? பெத்தவங்க யோசிக்க மாட்டீங்களா?”

பெற்றவர்கள் யோசித்தார்கள். சிதிவேனி அக்கா யோசித்ததையே யோசித்தார். அவருடைய சரித்திரம் அப்படி. அக்கா கேட்டால் தம்பி இல்லை என்று சொல்லக் கூடாது. ஒரு தரம் கலோ வந்து, “சோபா சுகமா இருக்குடா” என்றாள். மறுநாள் சோபா அவள் வீட்டில் இருந்தது. இன்னொரு தரம் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, “நல்லாக் குளிருதே” என்றாள். விக்கா ஓடிப்போய் உள்ளே இருந்த மீனை மட்டும் எடுத்துக்கொண்டாள். லுசியானேவுக்குப் பேர் வைத்ததும் கலோதான். இந்தக் குடும்பத்தில் பெண்தான் உசத்தி, அக்கா தங்கைகள்தான் தெய்வம் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அது பொய்யில்லை. விக்காவும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனால் ராணிதான். அங்கே அவள் வாயைத் திறந்தால் சட்டம். இங்கே வாயைத் திறந்தால் கொட்டாவி.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. மனுகாவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கல்லூரி. வீட்டிலிருந்து ஒரே பஸ். கலோ வட்டம் போட்டுப் பலருக்கு ஃபோன் செய்தும் அங்கே ஓர் அண்ணன்கூடக் கிடைக்கவில்லை. அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“நர்ஸ் ஆனாப் போதும்மா. எங்க படிச்சா என்ன?” என்று லுசியானே சமையலறையில் வந்து சொன்னாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. வெலிங்டனை அவள் ரொம்ப ஆசைப்பட்டாள். விக்கா மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அன்றைக்கே மற்ற மூன்று கல்லூரிக்கும் வேண்டாம் என்று பதில் போயிற்று. அந்த இடங்களுக்கு ஆள் காத்துக்கொண்டிருந்தார்கள். இனி திரும்பிக் கேட்டாலும் கிடைக்காது.

வியாழக்கிழமை கலோ, வாழ்த்துச் சொல்ல மிட்டாய் கோத்த மாலையோடு வந்தாள். வாயெல்லாம் பல். லுசியானேவின் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, “இனிமே எனக்கு நிம்மதி. நம்ம செமிசியையும் அங்கேயே சேத்து விட்டுட்டேன்,” என்றாள்.

செமிசி, கலோவுக்கும் சிதிவேனிக்கும் தம்பி மகன். அப்பா அம்மா தொங்காவில் வவாவு தீவில் இருக்க, இங்கே கலோவிடம் வளர்கிறவன். லுசியானேவைவிட இரண்டு மாசம் மூத்தவன். ரக்பியில் முழங்கால் போய், வீட்டில் கலோவின் சோபாவில் கிடந்தான்.

“எதுக்கு அண்ணி?” என்றாள் விக்கா.

“எதுக்கா? பொண்ணு தனியாப் போயிட்டு வர்றா. ஊருப் பயலுக எல்லாம் இருப்பானுங்க. ஒரு அண்ணன் காவல் வேண்டாமா? அந்தக் காலேஜ்ல ஆம்பளப் பையன், அதுவும் நம்ம பையன், கிடைக்க மாட்டானான்னு தேடிக்கிட்டிருந்தாங்களாம். இவனைப் பாத்ததும் கையோட பிடிச்சுக்கிட்டாங்க.”

“எந்தப் படிப்புல அண்ணி?”

“அவ எதுவோ அதேதான். வேற வகுப்புல உக்காந்துக்கிட்டு எப்படிக் காவல் காக்கிறது? அறிவா பேசு விக்கா.”

சிதிவேனி மெல்ல, மிக மெல்ல, தலையைத் தூக்கினார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற மனிதர். எந்தப் பாரத்தையும் அவசரப்பட்டுத் தூக்க மாட்டார்.

“அக்கா, அவன் இவளுக்கு அண்ணனாச்சே.”

“அட, அதுக்குத்தானேடா அனுப்புறேன்!”

“இல்லக்கா. அவன் அண்ணன். ஒரே வகுப்பு. அந்தப் பாடம்...”

கலோவுக்கு அப்போதுதான் புரிந்தது. நாடு முழுக்க ஃபோன் போட்டு அண்ணன் இல்லாத கல்லூரியாகத் தேடிக் கண்டுபிடித்து, அதில் தன் கையாலேயே ஓர் அண்ணனைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாள். வேறொருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். கலோ சிரிக்கவில்லை. தாலாட்டுப் பாடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடி யோசித்தாள்.

“ரெண்டு பேருல ஒருத்தர் விலகணும்,” என்றாள்.

“செமிசியை விலகச் சொல்லிருவோம் அண்ணி,” என்றாள் விக்கா அவசரமாக.

“எப்படிம்மா? நம்ம வழக்கம் என்ன? அண்ணனைவிடத் தங்கச்சிதான் உசத்தி. உசந்தவங்கதான் பெரிய மனசு பண்ணணும். தாழ்ந்தவன்கிட்டப் போய்ப் பிடுங்கினா நல்லாவா இருக்கும்? லுசியானே விட்டுக்குடுக்கட்டும். அதான் அவளுக்கு மரியாதை.”

“அப்போ காவல்?”

“அவ போகலைன்னா காவலே தேவையில்லையே! நல்லதாப் போச்சு. அவன் நிம்மதியாப் படிப்பான். மூணு வருஷத்துல முடிச்சு வந்துருவான், அப்புறம் இவ சேரட்டும். என்ன, கிழவியா ஆயிடப் போறா? ஞாயித்துக்கிழமை நம்ம ஜனங்க எல்லாரையும் என் கராஜுக்கு வரச் சொல்லி, முறைப்படி சொல்லிருவோம். எல்லாரும் இவளைப் பாராட்டணும்ல?”

லுசியானே கழுத்தில் இருந்த மிட்டாய் மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அது விக்காவுக்குப் பொறுக்கவில்லை. கதவை அறைந்திருந்தால் தேவலை.

கலோ போன பிறகு விக்கா சமையலறையில் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“அக்காகிட்ட எப்படி விக்கா?”

“நாளைக்கு உங்க பல்லைக் கேட்டாலும் குடுப்பீங்களா?”

“கேக்க மாட்டாங்க. அவங்களுக்குப் பல் செட் இருக்கு.”

மனிதர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார். விக்காவுக்கு அவர்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவளும் முதியோர் இல்லத்தில் தினமும் யார் யார் வீட்டுத் தாத்தாக்களையோ குளிப்பாட்டித் துடைத்து விடுகிறாள். அதை எந்த அண்ணியும் எந்த வழக்கமும் வந்து தடுக்கவில்லை. வேலைக்காரியாகத் தொடலாம், நர்ஸாகப் படிக்கக் கூடாது. இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் செமிசி ஒரு கூடை தாரோக் கிழங்கோடு வந்து வாசலிலேயே நின்றான். லுசியானே உள்ளே இருந்தாள், அதனால் அவன் படியேறவில்லை. வளர்ந்த அண்ணனும் தங்கச்சியும் ஒரே பாயில் உட்காருவதுகூட எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆள் கதவை அடைக்கிற மாதிரி இருந்தான்.

“பெரியம்மா, எனக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும்னு அத்தைகிட்ட சொன்னேன். கேக்கலை.”

“அப்போ நீயே வேணாம்னு எழுதிக் குடுத்துடேன் ராசா,” என்றாள் விக்கா. அவள் குரலில் தேன் சொட்டியது.

அவன் காலால் மண்ணைக் கிளறினான். “ஆனா காலேஜுக்குப் போய்ப் பாத்தேன் பெரியம்மா. ஒரு பெரியவருக்கு நாடி பிடிக்கச் சொன்னாங்க. சும்மா பழகிப் பாக்கச் சொன்னதுதான். நான் பிடிச்சேன். டக்டக்குன்னு விரலுக்குள்ள அடிச்சுது. ‘உன் கை கனமா இல்லையே’ன்னு அந்தப் பெரியவரு சொன்னாரு. என்னைப் பாத்து அப்படி யாரும் சொன்னதில்லை பெரியம்மா. எல்லாரும் ‘போய் மோதுடா’ன்னுதான் சொல்வாங்க.”

விக்கா கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இந்தப் பையன் கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

சனிக்கிழமை மனசு கேளாமல் ஓடாராவில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். வழக்கம்போல் அவளுக்கு நல்ல பாய் விரித்தார்கள், நடுவில் உட்கார வைத்தார்கள். அடுப்பில் புதுப் பாத்திரம் ஒன்று பளபளவென்று இருந்தது. “பெரிசா நல்லா இருக்கே!” என்றாள் பேச்சுவாக்கில். அவ்வளவுதான். அண்ணன் எழுந்து போய், உள்ளே வெந்துகொண்டிருந்த சூப்பை வேறொன்றில் கவிழ்த்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவித் துடைத்து அவள் மடியில் வைத்துவிட்டார். அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு விக்காவுக்குத் தெரியாததா? ஃபிரிட்ஜ் போன அன்றைக்கு அவளும் இதே சிரிப்பைத்தான் சிரித்தாள்.

“ஐயோ, வேண்டாம் அண்ணா, சும்மா சொன்னேன்.”

“நீ கேட்டுட்ட. நான் எப்படி இல்லைன்னு சொல்றது?”

பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு விக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி கேட்டால் அண்ணன் இல்லை என்று சொல்லக் கூடாது. அப்படியானால் லுசியானே யாருக்குத் தங்கச்சி? அட கடவுளே, இது எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று! பாத்திரத்தை அண்ணி கையில் திணித்துவிட்டு, “நான் ராணி, நான் சொல்றேன், வச்சுக்கோங்க,” என்று சொல்லி, பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டுக்கு வந்து மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். “நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் செமிசிகிட்ட அந்த இடத்தைக் கேளு. நீ தங்கச்சி. அவன் மாட்டேன்னு சொல்ல முடியாது. உங்க அத்தையும் வாயைத் தொறக்க முடியாது. தொறந்தா, இத்தனை வருஷம் அவங்க நம்மகிட்ட வாங்கினதெல்லாம் செல்லாமப் போயிடும்.”

“செமிசி அண்ணன் என்ன பண்ணும்?”

“அவனுக்கு என்ன, ரக்பி இருக்கு,” என்றாள் விக்கா. மகளின் கண்ணைப் பார்க்கவில்லை.

“முட்டி போயிடுச்சேம்மா.”

“சரியாயிடும்டீ!”

லுசியானே அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். “சரி, கேக்குறேன்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கலோவின் கராஜில் கார்களை வெளியே தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். உறவு ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கோடியில் ஆண்களோடு செமிசி, இந்தக் கோடியில் பெண்களோடு லுசியானே. நடுவில் சிதிவேனியின் பழைய சோபாவில் கலோ. முதலில் ஜெபம் நடந்தது. பிறகு கலோ பேசினாள். லுசியானேவின் தியாகத்தைப் பற்றிப் பேசினாள். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பெண்ணா என்று உருகினாள். கேட்டவர்களில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெண்களை இவ்வளவு உசத்தியாக வைக்கிற ஜனம் உலகத்தில் வேறு உண்டா என்று கேட்டாள். இல்லை இல்லை என்றார்கள்.

“இப்போ லுசியானே ரெண்டு வார்த்தை பேசுவா,” என்றாள்.

லுசியானே எழுந்தாள்.

“அத்தை, ஒரு சந்தேகம். தங்கச்சி ஒண்ணு கேட்டா, அண்ணன் முடியாதுன்னு சொல்லலாமா?”

கலோ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எதற்குக் கேட்கிறாள் என்று பாதியில் மண்டையில் உறைத்ததோ என்னவோ, வாய் அப்படியே நின்றது. சொல்லலாம் என்பதா, கூடாது என்பதா?

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சிதிவேனி. அவர் கழுத்தை நீட்டி, கண்ணை அகல விரித்து, பிறந்ததிலிருந்து இந்த ஒரு பதிலுக்காகவே காத்திருந்தவர் மாதிரி முன்னால் சாய்ந்திருந்தார்.

“சொல்லலாமாக்கா?” என்றார்.

கராஜில் இருந்த அத்தனை தம்பிகளும் அத்தனை அண்ணன்களும் கலோவைப் பார்த்தார்கள். சோபாவைப் பார்த்தார்கள்.

“கூடாது!” என்றாள் கலோ. “சொல்லவே கூடாது!”

சிதிவேனி பெருமூச்சு விட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

“அப்போ நான் கேக்குறேன்,” என்றாள் லுசியானே. அவள் திரும்பி நேராகச் செமிசியைப் பார்த்தாள். விக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

“செமிசி அண்ணா, உனக்கு அந்தப் படிப்பு பிடிச்சிருக்கா?”

அவன் தலையைக் குனிந்தபடி, “ம்,” என்றான்.

“எனக்கும் பிடிச்சிருக்கு. அதனால கேக்குறேன். நீயும் வா. என் பக்கத்துல உக்காந்து படி. எல்லாப் பாடமும். அந்தப் பாடமும்.”

விக்கா கண்ணைத் திறந்தாள். அவள் சொல்லிக் கொடுத்தது இது இல்லை. இதை நினைத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிச்சல் வந்திருக்காது. பின்னால் ஒரு கிழவர் “ஆண்டவரே” என்றார். செமிசியின் காது இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டன. அவன் அத்தையைப் பார்த்தான், பாயைப் பார்த்தான்.

“சரி,” என்றான்.

“எப்படிடா சரி? அது நம்ம மரியாதைக்கு...” கலோ பாதி எழுந்தாள். எழுந்தவள் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். கூடாது என்று இப்போதுதான் சபையில் சொல்லியிருக்கிறாள், அதுவும் இரண்டு தரம். நெற்றியைத் தடவிக்கொண்டாள்.

“சரி, போங்க. ஆனா அந்தப் பாடம் நடக்கும்போது ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கணும்.”

“அத்தை,” என்றான் செமிசி, வெகு மரியாதையாக, “கண்ணை மூடிக்கிட்டு எப்படிப் பிரசவம் பாக்குறது?”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கலோ ஓர் உபாயம் யோசித்தபடி விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். விக்கா எழுந்து போனாள். அண்ணி சொல்லட்டும் என்று காத்திருக்காமல் பானையைத் திறந்து இரண்டு தட்டில் சாப்பாடு வைத்தாள். ஒன்றை லுசியானேவின் முன்னால் வைத்தாள். மற்றதை எடுத்துக்கொண்டு கராஜின் அந்தக் கோடி வரை நடந்து, செமிசியின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து, அதே பாயில், தங்கச்சிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“சாப்பிடுங்க,” என்றாள். “காலையில ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்.”